உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

வெப்சைட் திடீரென்று நின்றுபோகிறது. செய்துகொடுத்த நிறுவனத்துக்கு போன் போட்டால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. சரி, வேறு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் டொமைன் அந்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது. எப்போதாவது போனை எடுத்தாலும் ‘ரிலீஸ் சார்ஜ்’ என்று ஆண்டுக் கட்டணத்தைப்போலப் பல மடங்கு கேட்கிறார்கள். ஜவுளிக் கடைக்காரர், பள்ளித் தாளாளர், பல் மருத்துவர், அறக்கட்டளைச் செயலாளர் என்று யார் யாரோ இதே கதையோடு வருகிறார்கள். ஊரும் பெயரும்தான் வேறு.

சிக்கிக்கொண்ட பிறகு இவர்கள் செய்யும் காரியங்கள் இன்னும் வேதனை. ஒருவர் காவல் நிலையத்துக்குப் போய், ‘இது சிவில் விவகாரம்’ என்ற பதிலோடு திரும்புகிறார். இன்னொருவர் கூகுளுக்குப் புகார் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார். கூகுளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மற்றொருவர் ஆத்திரத்தில் வங்கியில் சொல்லி, கார்டில் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். டொமைனைத் தர மறுப்பதற்கு விதிப்படியான ஒரு காரணத்தை அவரே எதிர்த்தரப்புக்கு எடுத்துக் கொடுத்துவிடுகிறார். பெரும்பாலோர் எதுவுமே செய்வதில்லை. இன்றைக்குப் பேசுவார், நாளைக்குத் தருவார் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்குள் காலாவதித் தேதி வந்துவிடுகிறது.

இதற்குத் தீர்வு உண்டு. பைசா செலவில்லாத தீர்வும் உண்டு. எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்பதுதான் கேள்வி. அதற்கான விடை, டொமைன் பதிவில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

யார் கையில் என்ன இருக்கிறது

ஒரு டொமைனுக்குப் பின்னால் மூன்று அடுக்குகள் உண்டு. மேலே ரெஜிஸ்ட்ரி. டாட் காம் பெயர்களுக்கு அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனம். டாட் இன் பெயர்களுக்கு நம் நாட்டின் நிக்ஸி. நடுவில் ரெஜிஸ்ட்ரார், அதாவது பெயரைப் பதிவு செய்துதர அங்கீகாரம் பெற்ற நிறுவனம். அதற்குக் கீழே ரீசெல்லர். உங்கள் ஊரில் போர்டு வைத்திருக்கும் வெப் டிசைன் நிறுவனம் பெரும்பாலும் இந்தக் கடைசி அடுக்கில்தான் இருக்கும். ஹோஸ்டிங் என்பது தனி. வெப்சைட்டின் கோப்புகள் இருக்கும் இடம் அது. டொமைனோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் சண்டை ரீசெல்லரோடு. ஆனால் டொமைனின் பூட்டும் சாவியும் இருப்பது ரெஜிஸ்ட்ராரிடம். ரீசெல்லர் கடையை மூடிக்கொண்டு ஓடிவிட்டாலும் ரெஜிஸ்ட்ரார் அங்கேயேதான் இருக்கிறார். டாட் காம் போன்ற பெயர்களுக்கு ரெஜிஸ்ட்ரார்களை அங்கீகரிக்கும் ஐகேன் என்ற சர்வதேச அமைப்போடு அவர் போட்டிருக்கும் 2013ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, ரீசெல்லர் வழியாகப் பதிவான பெயர்களுக்கும் அவரே பொறுப்பு. ‘உங்கள் டிசைனரிடம் கேளுங்கள்’ என்று அவர் கைகழுவ முடியாது. அப்படிக் கைகழுவினால் ஒப்புக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள்.

சண்டைக்கு முன் விவரம்

ஐகேன் நடத்தும் ‘லுக்கப்’ தளத்துக்குப் போய் உங்கள் டொமைனை அடித்துப் பாருங்கள். டாட் இன் பெயர் என்றால் நிக்ஸியின் ரெஜிஸ்ட்ரி தளத்தில் பாருங்கள். இதற்கு லாகின் வேண்டாம், கட்டணம் இல்லை. வரும் பக்கத்தை அப்படியே தேதியோடு பிடிஎஃப்பாகச் சேமித்து வையுங்கள். அதில் பார்க்க வேண்டியவை இவை.

ஒன்று, ரெஜிஸ்ட்ரார் பெயர். நீங்கள் எழுத வேண்டிய முகவரி அதுதான். ஐகேன் தளத்தில் அங்கீகாரம் பெற்ற ரெஜிஸ்ட்ரார்களின் பட்டியல் இருக்கிறது. தொடர்பு விவரத்தை அங்கிருந்து எடுங்கள்.

இரண்டு, காலாவதித் தேதி. அதைக் காலண்டரில் சிவப்பு மையால் எழுதுங்கள். இனி எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அந்தத் தேதியைப் பார்த்துத்தான்.

மூன்று, ஸ்டேட்டஸ். ‘கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் புரொஹிபிடெட்’ என்று இருந்தால் ரெஜிஸ்ட்ரார் லாக் போட்டிருக்கிறார் என்று பொருள். பாதுகாப்புக்காக எல்லா டொமைனுக்கும் போடும் சாதாரணப் பூட்டு அது. பார்த்துப் பயப்பட வேண்டாம். ‘ரிடெம்ப்ஷன் பீரியட்’ என்று இருந்தால் பயப்பட வேண்டும். பெயர் நீக்கப்பட்டுவிட்டது, மீட்க 30 நாள்தான் உண்டு. ‘பெண்டிங் டெலீட்’ என்று வந்துவிட்டால் 5 நாளில் பெயர் பொதுச் சந்தைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் அதை வாங்கலாம்.

நான்கு, ரெஜிஸ்ட்ரன்ட், அதாவது பதிவுதாரர். அந்தரங்கப் பாதுகாப்புக்காக இந்த விவரம் இப்போது பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். மறைத்திருப்பதாலேயே வேறொருவர் பெயரில் இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். டொமைன் வாங்கிய நாளில் ரெஜிஸ்ட்ராரிடமிருந்து உங்களுக்கு வந்த மெயில், ஆண்டுதோறும் வரும் விவரச் சரிபார்ப்பு மெயில், ரினிவல் நினைவூட்டல் ஆகியவற்றைப் பழைய இன்பாக்ஸில் தேடுங்கள். அவை உங்கள் மெயிலுக்கு வந்திருந்தால் பதிவுதாரராக நீங்களே இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றுகூட வரவில்லை என்றால், டிசைனர் தன் பெயரில் வாங்கியிருக்கக்கூடும். பத்திரம் எழுதிக் கொடுத்தவரே பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது போன்ற நிலை அது.

பணம் நீங்கள் கட்டியிருக்கலாம். பெயர் உங்கள் கடைப் பெயராகவே இருக்கலாம். ஆனாலும் ரெஜிஸ்ட்ராரின் கணக்கில் பதிவுதாரர் யாரோ அவர்தான் உரிமைக்காரர். இதைப் பலரும் நம்ப மறுக்கிறார்கள். தயவுசெய்து நம்புங்கள்.

பதிவு உங்கள் பெயரில் இருந்தால்

இதுதான் எளிய வழி. இதைத்தான் அதிகம் பேர் பாதியில் விடுகிறார்கள்.

ரெஜிஸ்ட்ராருக்கு ஒரு மெயில் எழுதுங்கள், ரீசெல்லருக்கு நகல் போடுங்கள். பதிவில் இருக்கும் அதே மெயிலிலிருந்து அனுப்ப வேண்டும். போனில் பேசியது கணக்கில் வராது. சாட்டில் பேசினால் அதன் நகலை எடுத்து வையுங்கள். மெயிலில் கதை வேண்டாம். டொமைன் பெயர், பதிவுதாரர் பெயர், இரண்டே கோரிக்கைகள்: லாக்கை எடுங்கள், ஆத் கோடு கொடுங்கள். ஆத் கோடு என்பது ஒரு ரெஜிஸ்ட்ராரிடமிருந்து இன்னொருவருக்குப் பெயரை மாற்றத் தேவைப்படும் ரகசியக் குறியீடு; இபிபி கோடு என்றும் சொல்வார்கள். கன்ட்ரோல் பேனலில் நீங்களே அதை எடுக்க வசதி தராத ரெஜிஸ்ட்ரார், நீங்கள் கேட்ட 5 நாளுக்குள் தந்தாக வேண்டும் என்பது ஐகேனின் டிரான்ஸ்ஃபர் பாலிசி. லாக்கை எடுப்பதற்கும் அதே 5 நாள்தான். மெயிலில் இந்த விதியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். அடையாளச் சான்று, பணம் கட்டிய ரசீது, நிறுவனம் என்றால் ஜிஎஸ்டி சான்றிதழ் ஆகியவற்றை இணையுங்கள்.

எந்தக் காரணத்துக்காக மறுக்கலாம், எதற்காக மறுக்கக் கூடாது என்பதும் அந்த விதியில் இருக்கிறது. பெயரைப் பதிவு செய்து 60 நாள் ஆகவில்லை, கடைசியாக ரெஜிஸ்ட்ரார் மாறி 60 நாள் ஆகவில்லை, நீதிமன்ற உத்தரவு இருக்கிறது, மோசடிக்கு ஆதாரம் இருக்கிறது, பதிவுதாரர் யார் என்பதிலேயே நியாயமான தகராறு இருக்கிறது என்றால் மறுக்கலாம். ஓடி முடிந்த பதிவுக் காலத்துக்குப் பணம் வரவில்லை, கார்டு பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்பவையும் காரணமாகலாம். ஆனால் அடுத்த ஆண்டு ரினிவலுக்குப் பணம் கட்டினால்தான் விடுவேன் என்று சொல்ல முடியாது. முக்கியமாக, நீங்கள் பணம் கட்டியிருக்கும்போது ரீசெல்லர் ரெஜிஸ்ட்ராருக்கு வைத்திருக்கும் பாக்கியைக் காட்டி உங்கள் பெயரைப் பிடித்து வைக்க முடியாது. அது அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு.

கோடு கைக்கு வந்ததும் நல்ல ரெஜிஸ்ட்ரார் ஒருவரிடம் நீங்களே உங்கள் பெயரில், உங்கள் கார்டில் கணக்கு திறந்து டிரான்ஸ்ஃபர் போடுங்கள். பழைய ரெஜிஸ்ட்ரார் 5 நாளில் பதில் சொல்லாவிட்டாலும் மாற்றம் தானாக நடந்துவிடும். டாட் காம் போன்ற பெயர்களுக்கு டிரான்ஸ்ஃபரோடு ஓராண்டு நீட்டிப்பும் கிடைக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டிரான்ஸ்ஃபர் முடிவதற்கு முன் பதிவுதாரர் பெயரையோ நிறுவனப் பெயரையோ மெயிலையோ திருத்தாதீர்கள். திருத்தினால் 60 நாள் பூட்டு விழும். திருத்தியே ஆக வேண்டும் என்றால், இந்தப் பூட்டு வேண்டாம் என்று சொல்லும் வசதியைச் சில ரெஜிஸ்ட்ரார்கள் தருகிறார்கள்; திருத்துவதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் டிரான்ஸ்ஃபர், பிறகு திருத்தம். ஆத் கோட்டை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ரெஜிஸ்ட்ராரும் பதில் சொல்லாவிட்டால்

5 நாள் கடந்ததும் ஐகேனுக்குப் புகார் கொடுங்கள். ஐகேன் தளத்தில் ஒப்பந்த இணக்கப் பிரிவின் பக்கத்தில் டிரான்ஸ்ஃபர் புகாருக்கென்று தனிப் படிவம் உண்டு. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். நீங்கள் அனுப்பிய மெயில்கள் தேதியோடு, வந்த பதில்கள், கன்ட்ரோல் பேனலின் ஸ்கிரீன்ஷாட், நீங்கள்தான் பதிவுதாரர் என்பதற்கான ஆதாரம் ஆகியவற்றை இணையுங்கள். ரெஜிஸ்ட்ராருக்கு முதலில் எழுதிக் கேட்டதற்கான ஆதாரம் இல்லாத புகார் நகராது.

புகாரை ஆராய்ந்து ஐகேன் ரெஜிஸ்ட்ராரிடம் விளக்கம் கேட்கும். தொடர்ந்து இணங்காதவர்கள்மீது ஒப்பந்த மீறல் நோட்டீஸ் வரும். அது பொதுவெளியில் வெளியிடப்படும். கடைசியில் அங்கீகாரமே போகலாம். 2007இல் ரெஜிஸ்டர்ஃபிளை என்ற அமெரிக்க ரெஜிஸ்ட்ராருக்கு அப்படித்தான் போனது. வாடிக்கையாளர்கள் பெயரை மீட்க முடியாமல் தவித்தபோது ஐகேன் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்தது. பல லட்சம் டொமைன்கள் வேறொரு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றப்பட்டன.

புகார் கொடுத்துவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். ஐகேன் கூடுதல் விவரம் கேட்டு மெயில் அனுப்பும். குறித்த நாளுக்குள் பதில் தராவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். ஸ்பாம் பெட்டியையும் தினம் பாருங்கள். ஐகேனிடம் நஷ்டஈடு கேட்காதீர்கள், அது அவர்கள் வேலை அல்ல. டிசைனர்மீதும் ஹோஸ்டிங் நிறுவனத்தின்மீதும் அங்கே புகார் கொடுக்காதீர்கள், அதையும் எடுக்க மாட்டார்கள். ரெஜிஸ்ட்ரார்மீது மட்டும் கொடுங்கள்.

டாட் இன் பெயருக்கு ஐகேன் வராது

நாட்டுக் குறியீட்டுப் பெயர்களில் ஐகேன் தலையிடாது. டாட் இன், டாட் கோ டாட் இன் போன்றவை நிக்ஸியின் கீழ் வருகின்றன. ரெஜிஸ்ட்ராருக்கு எழுதிய மெயில்களோடு நிக்ஸியின் டாட் இன் ரெஜிஸ்ட்ரிக்கு எழுதுங்கள். டாட் காம் பெயருக்கு நிக்ஸியிடமும், டாட் இன் பெயருக்கு ஐகேனிடமும் புகார் கொடுத்து மாதங்களை வீணடிப்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பெயரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். போக வேண்டிய இடத்தை அவையே சொல்லும்.

பதிவு டிசைனர் பெயரில் இருந்தால்

இது கடினமான வழி. ரெஜிஸ்ட்ராரும் ஐகேனும் ‘பதிவுதாரர் சொன்னால்தான் செய்வோம்’ என்பார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. இங்கே காகிதம்தான் பேசும்.

டொமைனுக்காகப் பணம் கட்டிய பில், கொட்டேஷன், யுபிஐ பரிமாற்றம், ‘உங்கள் டொமைனை வாங்கிவிட்டோம்’ என்று அவர் அனுப்பிய செய்தி, கடைப் பெயரின் ஜிஎஸ்டி, உத்யம் சான்றிதழ், டிரேட்மார்க் இருந்தால் அது எல்லாவற்றையும் திரட்டுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். போன் மாற்றும்போது தொலைத்துவிட்டு வந்து நிற்காதீர்கள். பிறகு வக்கீல் நோட்டீஸை ஒப்புகை பெறும் வசதியோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள், மெயிலிலும் அனுப்புங்கள். இன்ன தேதிக்குள் பதிவுதாரர் பெயரை மாற்ற வேண்டும்; அதுவரை டொமைனை விற்கவோ காலாவதியாக விடவோ கூடாது என்று அதில் இருக்கட்டும். நியாயமான பாக்கி இருந்தால் அதைக் கட்டத் தயார் என்றும் எழுதுங்கள். பாக்கியை மறைத்துக்கொண்டு நியாயம் கேட்டால் எந்த மன்றத்திலும் எடுபடாது.

அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே சமரச முயற்சி நடக்கும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனில் தாக்கல் செய்யலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும். மேலும் 15 நாள்தான் நீட்டிப்பு. வழக்குக்கான காரணம் எழுந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் அல்ல. சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்துபவருக்கு விலக்கு உண்டு. சிறு கடைக்காரர்கள், தனியாகத் தொழில் செய்பவர்கள் மனுவின் தொடக்கத்திலேயே அதைத் தெளிவாக எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் முதல் நாளே எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

உங்களுடையது பெரிய நிறுவனம் என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான். டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்குரிய சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 2004இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வணிகப் பெயரைக் காக்கும் இந்த வகை வழக்கை மாவட்ட நீதிமன்ற அளவிலோ அதற்கு மேலோதான் போட முடியும். டொமைனை மாற்றவோ விற்கவோ கூடாது என்ற இடைக்காலத் தடையை முதலில் கேளுங்கள்; ரெஜிஸ்ட்ராரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கும்படி வக்கீலிடம் சொல்லுங்கள்.

டிரேட்மார்க் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. டொமைன் தகராறுகளை நடுவர் வைத்துத் தீர்க்கும் முறை அது: டாட் காம் போன்ற பெயர்களுக்கு யுடிஆர்பி, டாட் இன் பெயர்களுக்கு நிக்ஸியின் ஐஎன்டிஆர்பி. பெயர் உங்கள் மார்க்கோடு ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தில் வைத்திருக்கிறார் என்று காட்ட வேண்டும். யுடிஆர்பிக்கு உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பிடம் போனால், ஒற்றை நடுவருக்கு 1,500 அமெரிக்க டாலர் கட்டணம். பில் பாக்கித் தகராறையெல்லாம் அங்கே கொண்டுபோனால் ‘இது ஒப்பந்தச் சண்டை’ என்று தள்ளிவிட வாய்ப்புண்டு. யோசித்துச் செலவு செய்யுங்கள்.

காவல்துறைக்கு எப்போது போவது? உங்கள் கணக்கின் பாஸ்வேர்டைத் திருடி யாராவது டொமைனைக் கடத்தினால் அது சைபர் குற்றம். 1930க்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றத் தளத்தில் பதியுங்கள், அதே மணி நேரத்தில் ரெஜிஸ்ட்ராருக்கும் சொல்லுங்கள். ரெஜிஸ்ட்ரார்களுக்குள் அவசரத் தொடர்பு ஒன்று உண்டு; இந்த ரெஜிஸ்ட்ரார் அழைத்தால் அந்த ரெஜிஸ்ட்ரார் 4 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். தாமதித்தால் அந்த வழியின் பலன் குறைந்துவிடும்.

காலாவதித் தேதியை மறுபடியும் சொல்கிறேன்

சண்டை நடக்கிறது என்பதற்காகத் தேதி நிற்காது. டாட் காம் பெயர் காலாவதியான பிறகு ரெஜிஸ்ட்ரார் தரும் சலுகை நாள்கள் ஆளுக்கு ஆள் மாறும். 45 நாள் வரை கிடைக்கும் என்று சொல்வதை நம்பி இருக்காதீர்கள். பெயர் நீக்கப்பட்டபின் வரும் 30 நாள் மீட்புக் காலத்தில் ரினிவல் கட்டணத்தைவிடப் பல மடங்கு கேட்பார்கள். பாக்கித் தகராறு எதுவானாலும், ரினிவல் கட்டும் வழி உங்களுக்கு இருந்தால் எதிர்ப்பைப் பதிவுசெய்துகொண்டே முதலில் கட்டுங்கள். பெயரைக் காப்பாற்றிய பிறகு சண்டை போடலாம்.

போனால் போகட்டும், வேறு பெயர் வாங்கிக்கொள்கிறேன் என்று பலர் சொல்கிறார்கள். பழைய டொமைனில் இருந்த மெயிலை யோசித்தீர்களா? நாளைக்கு அந்தப் பெயரை வாங்குபவர் அதே மெயில் முகவரியை உருவாக்க முடியும். வங்கி, ஜிஎஸ்டி, வருமான வரித் தளங்களில் அந்த மெயில் இருந்தால் ஓடிபியும் பாஸ்வேர்ட் மாற்றும் இணைப்பும் அவருக்குப் போகும். பெயரைக் கைவிடுவதாக இருந்தால், அதற்கு முன் எல்லா இடத்திலும் மெயிலை மாற்றுங்கள். வெப்சைட் கோப்புகளையும் மெயில்களையும் நகல் எடுங்கள். டொமைனை வெப்சைட்டோடும் மெயிலோடும் இணைக்கும் டிஎன்எஸ் விவரங்களைக் குறித்துவையுங்கள்.

இன்னும் சிக்காதவர்களுக்கு

டொமைனை நீங்களே வாங்குங்கள். டாட் காம் பெயருக்கு ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் வேலை. டிசைனருக்கு டிஎன்எஸ் மாற்ற அனுமதி கொடுத்தால் போதும். லாகினைக் கொடுக்க வேண்டாம். பதிவில் ‘ஆர்கனைசேஷன்’ என்ற கட்டத்தில் உங்கள் நிறுவனப் பெயர் இருக்க வேண்டும். டாட் காம் போன்ற பெயர்களில், அந்தக் கட்டம் நிரப்பப்பட்டிருந்தால் அந்த நிறுவனமே பதிவுதாரர் என்று கொள்ளப்படும். டிசைனரின் கம்பெனிப் பெயர் அங்கே இருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். பதிவு மெயில் அதே டொமைனின் மெயிலாக இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் மெயிலும் நின்று, நினைவூட்டலும் வராது. வேலையைவிட்டுப் போன ஊழியரின் ஜிமெயிலாகவும் இருக்கக் கூடாது. ஆட்டோ ரினிவலைப் போட்டு, கார்டின் காலாவதியையும் பாருங்கள்.

வெப்சைட் செய்ய ஆயிரக்கணக்கில் கொடுக்கிறீர்கள். ஒப்பந்தத்தில் ‘டொமைன் வாடிக்கையாளர் பெயரிலேயே பதிவாகும், கேட்டால் 5 நாளில் ஆத் கோடு தரப்படும்’ என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற நிறுவனத்துக்கு வேலையைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே வேலை கொடுத்தவர்கள், உறவு நன்றாக இருக்கும் இந்த நாளிலேயே பதிவுதாரர் யார் என்று கேட்டுப் பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். உறவு கெட்ட பிறகு அதே பதிலுக்காக நோட்டீஸ், ஆணையம், நீதிமன்றம் என்று அலைய வேண்டியிருக்கும்.